தலைச்சோலை ஆராயியின் டெலிபோன் இங்கிலீஷ்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நல்லவன் என்று நினைத்து ஏமாற வேண்டாம். பெயர் ஜேசுதாஸ். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் பதினாறு வருஷம் ரைட்டராக இருந்தவன். வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பெயர் போடுவது, கடிதம் டைப் அடிப்பது, ஆபீஸைப் பார்த்துக்கொள்வது எல்லாம் என் வேலை. அந்த எஸ்டேட்டில் மேனேஜருக்கு அடுத்தபடி இங்கிலீஷ் தெரிந்தவன் நான்தான் என்று எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. அந்த மிதப்பை இறக்கி வைத்தவள் எங்கள் ஆபீஸைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆராயி. தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவள்.

ஆராயிக்குச் சொந்த ஊர் தலைச்சோலை. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருந்த மிளகைப் பறிக்க ஏணியில் ஏறியவள், ஒரு மழைநாளில் சறுக்கி விழுந்தாள். அதிலிருந்து வலது முழங்கால் மடங்காது. சமதரையில் விறுவிறு என்று நடப்பாள், சரிவில் பத்தடி வைக்க முடியாது. காப்பித் தோட்டத்தில் சமதரைக்கு எங்கே போவது? அதனால் மேனேஜர் அவளை ஆபீஸில் போட்டார். பெருக்குவது, டீ வைப்பது, தபால் பையைக் கட்டுவது. குடியிருக்க, எஸ்டேட் ஆட்களின் லயன் வரிசையில் ஓர் அறை. புருஷன் இல்லை, ஒரே மகளைச் செம்மநத்தத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. அந்த வேலைதான் அவளுக்குச் சோறு, அந்த அறைதான் அவளுக்கு வீடு. என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். ஆனாலும் நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். ஆபீஸ் திமிர்.

டெலிபோன் என் மேஜை மேல் இருந்தது. கறுப்பு டெலிபோன், அம்மிக்கல் கனம். அதை எடுத்து "ஹலோ, எஸ்டேட் ஆபீஸ்" என்று சொல்லும்போது எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடும். ஆனால் காலையில் நான் ஆள் எண்ண மலைக்குள் போய்விடுவேன். மேனேஜர் பழம் அரைக்கிற மில் பக்கம் போய்விடுவார். ஆபீஸில் ஆராயி மட்டும் இருப்பாள். மணி அடித்தால் அவள் வாசலுக்கு ஓடிவந்து, "ரைட்டரய்யோவ்... போனுங்கோவ்" என்று ஒரு குரல் கொடுப்பாள். நான் மூச்சிரைக்க ஓடி வருவதற்குள் லைன் செத்திருக்கும். மெட்ராஸ் ஹெட் ஆபீஸிலிருந்து வந்த நாலு டிரங்க் கால் இப்படிப் போன பிறகு மேனேஜர் பொன்னப்பா கத்தினார். அவர் குடகுக்காரர். கோபம் வந்தால் தமிழ், இங்கிலீஷ், குடகு மூன்றும் கலந்து வரும்.

"நீ எடு ஆராயி! எடுத்து ஏதாவது பேசு! யாரும் உன்னைக் கடிக்க மாட்டான்!"

எடுத்தாள். 1985-ல் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரிசீவரை வாய்க்கு முன்னால் முழ நீளம் தள்ளிப் பிடித்தாள், கண்ணை மூடினாள், மூச்சை இழுத்தாள், "ஓ...ஓ...ஓய்!" என்று ஒரு கூவல் போட்டாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த லட்சுமியம்மா, காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கி எறிந்ததாக அப்புறம் சொன்னார்.

சிரிக்காதீர்கள். அவள் செய்தது மலைக்காரர்கள் எல்லோரும் செய்கிறதுதான். தலைச்சோலைப் பக்கத்துக்கும் எங்கள் எஸ்டேட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம். இறங்கி ஏற ஒரு மணி நேரம் ஆகும். அதனால் இந்த ஓரத்தில் நின்று கூவுவார்கள், அந்த ஓரத்தில் நின்று பதில் கூவுவார்கள். கத்துவது என்று நாம் நினைப்போம். அதற்கு ஒரு முறை உண்டு. சேதி கேட்டவன் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. கேட்டதை அப்படியே முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதில் ஒரு சங்கதி நடக்காது என்று அவனுக்குத் தெரிந்தால், அந்த இடம் வந்ததும் வாயை மூடி நின்றுவிட வேண்டும். அந்தப் பக்கத்துக்காரனுக்குப் புரிந்துவிடும், இங்கே ஏதோ சிக்கல் என்று. "ஏன் நின்னுட்டே?" என்று கேட்பான். தீர்த்துக்கொண்ட பிறகுதான் மேலே போவார்கள்.

ஆராயி இந்த முறையை அப்படியே டெலிபோனுக்குக் கொண்டுவந்தாள். குரலை மட்டும் நான் திட்டித் திட்டிக் குறைத்தேன்.

இங்கிலீஷ் எப்படி வந்தது? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் சத்தியமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் பெருக்கிக்கொண்டே மேனேஜர் பேசுவதைக் கேட்டாள். அர்த்தத்தை விட்டுவிட்டாள், எந்த நேரத்துக்கு எந்தப் பேச்சு என்பதைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் கையைக் கையை ஆட்டி 'நான் இல்லை என்று சொல்' என்றால், "ஹி இஸ் நாட் அவைலபிள் அட் த மொமென்ட்". எதிராளி தான் யார் என்று சொல்லாமல் விஷயத்துக்குப் பாய்ந்தால், "மே ஐ நோ ஹூ இஸ் ஸ்பீக்கிங்?" ரிசீவரை மேஜைமேல் வைக்கும்போது, "ஹோல்ட் த லைன் ப்ளீஸ்". கரகரவென்று சத்தம் வந்தால், "குட் யூ ரிபீட் தட் ப்ளீஸ்?" சேதியைத் திருப்பிச் சொல்வதற்கும் மேனேஜரிடமே ஒன்று கிடைத்தது: "லெட் மி ரிபீட்". அது கிடைத்த அன்று அவளுக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம்.

"ஏனுங்க ரைட்டரே, வெள்ளக்காரனும் நம்மளாட்டம் திருப்பிச் சொல்லுவானாட்ட இருக்குதுங்க. அதுக்குன்னு ஒரு பேச்சே வெச்சிருக்கறான் பாருங்க!"

சாயங்காலம் லயனுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவாள். பெண்கள் "இங்கிலீசுக்காரி வர்றாடி, வழிய உடுங்கடி" என்று கிண்டல் பண்ணுவார்கள். அவள் நின்று திரும்பி, "ஹூ இஸ் ஸ்பீக்கிங்?" என்பாள். அதோடு கப்சிப்.

இரண்டு வருஷத்தில் நிலைமை தலைகீழ் ஆகிவிட்டது. ஹெட் ஆபீஸ்காரர்கள் என்னிடம் சொன்ன சேதியில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். நான்தான் "யெஸ் சார், யெஸ் சார்" என்று தலையாட்டிவிட்டு வைத்துவிடுகிற ஆளாயிற்றே. ஆராயி வாங்கிய சேதியில் ஒரு எழுத்துக் குறையாது. எழுதத் தெரியாததால் எல்லாம் மண்டையில் இருந்தது. ஒருநாள் மேனேஜர் என் முன்னாலேயே, "முக்கியமான கால் வந்தால் ஆராயி எடுக்கட்டும், ஜேசுதாஸ்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மேஜை, என் டெலிபோன், ஹையர் கிரேடு டைப்பிங் பாஸ் பண்ணினவன் நான்! அந்த மாசம் ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிய கடிதத்தின் அடியில் என் பங்குக்கு நாலு வரி சேர்த்தேன். டெலிபோனைப் பெருக்குகிறவள் எடுக்கிறாள், கம்பெனிக்கு இது மரியாதையாக இல்லை, இங்கிலீஷ் படித்த ஆள் போடுவது நல்லது என்று. சின்னப் புத்தி. இப்போது சொல்லும்போதும் காது சுடுகிறது.

நான் நினைத்தது, டெலிபோன் என் கைக்குத் திரும்பி வரும் என்று. வந்தது வேறு. 1988 ஜனவரியில் கம்பெனி டைரக்டர் உத்தரவு போட்டார்: எஸ்டேட் ஆபீஸுக்கு இங்கிலீஷ் தெரிந்த டெலிபோன் ஆள் ஒருவர், ஆபீஸில் மற்ற சில்லறை வேலையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும், இடம் ஒன்றுதான். சேலத்திலிருந்து அமுதா என்று ஒரு பெண்ணை அனுப்பப் போகிறார்கள். ஆராயி பழையபடி தோட்ட வேலைக்குப் போகலாம், முடியாவிட்டால் லயன் அறையைக் காலி பண்ணலாம்.

மடங்காத காலை வைத்துக்கொண்டு தோட்ட வேலை! மேனேஜருக்கே மனசு கேட்கவில்லை. டைரக்டரோடு போராடி ஒரே ஒரு சலுகை வாங்கினார். திங்கட்கிழமை பத்து மணிக்கு டைரக்டரே மெட்ராஸிலிருந்து கூப்பிடுவார். முதலில் அமுதா பேசட்டும், அப்புறம் ஆராயி பேசட்டும். யார் சரியோ அவருக்குத்தான் வேலை.

சனிக்கிழமை மத்தியானம் எனக்குத் தாங்கவில்லை. டீ கொண்டுவந்து வைத்தவளிடம், "ஆராயி, அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான்" என்று போட்டு உடைத்தேன்.

"தெரியுமுங்க" என்றாள். "மேனேஜர் அதோட நகல எடுத்து மெட்ராசுக்குப் போன்ல படிச்சுச் சொல்லிட்டிருந்தாரு. நான் டேபிள் தொடச்சிட்டிருந்தேன். ஸ்வீப்பருன்னாரு, டெலிபோன்னாரு, நாட் ப்ராப்பருன்னாரு. இதுகூடப் புரியாதுங்களா? கவரு ஒட்டுனதே நாந்தானுங்களே."

அவள் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க மேல கோவம் இருந்துச்சுங்க. நொம்பக் கோவம். நாலு நாளா உங்களுக்கு மட்டும் சக்கரை போடாம டீ குடுத்தேன், நீங்க கண்டுபுடிக்கவே இல்ல. இப்பப் போட்டிருக்கறேன், குடிங்க." அப்புறம் டெலிபோனைப் பார்த்தபடி சொன்னாள்: "வேற ஊட்டுக்குப் போயி வேல செஞ்சு பொழச்சுக்குவேனுங்க. ஆனா இத உட்டுட்டு என்னால இருக்க முடியாதுங்க. இது அடிச்சா, யாரோ என்னயத்தான் கூப்புடறாங்கன்னு இருக்குது."

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குப் பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து கூவல் கேட்டது. ஆராயியின் தம்பி அங்கப்பன், ரோடு போடுகிற கேங்கில் வேலை பார்ப்பவன். அக்காவும் தம்பியும் காது கிழியக் கூவிக்கொண்டார்கள். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். இன்றைக்குமா இந்தக் கூத்து என்று திட்டினேனே தவிர, என்ன பேசினார்கள் என்று காது கொடுக்கவில்லை.

அமுதா முந்தின நாளே சேலம் பஸ்ஸில் வந்துவிட்டாள். இருபது வயசு, நல்ல பெண். ஆராயியைப் பார்த்ததும், "அக்கா, உங்க எடத்துக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியாதுங்க" என்று கண் கலங்கினாள். ஆராயி, "நீ என்ன கண்ணு பண்ணுவே? நீ நல்லாப் பேசு" என்றாள்.

பத்து மணிக்கு அடித்தது. அமுதா எடுத்தாள். அந்தக் காலத்து ரிசீவரில் எதிராளி பேசுவது அறை முழுக்கக் கேட்கும். டைரக்டர் எஸ்டேட் பற்றி நாலு கேள்வி கேட்டார், ஒரு கடிதம் சொன்னார். அமுதா அழகாகப் பேசினாள். தண்ணீர் ஓடுகிற மாதிரி இங்கிலீஷ். ஒரு தப்பு இல்லை. முடிந்தது கதை, பாவி, உன்னால்தான் என்று என்னையே வைதுகொண்டேன்.

அடுத்து ஆராயி. ரிசீவரை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"குட் மார்னிங் சார். எஸ்டேட் ஆபீஸ்."

மேனேஜர் இருக்கிறாரா என்றார் டைரக்டர். மேனேஜர் பக்கத்திலேயே நின்று, இல்லை என்று கையை ஆட்டினார்.

"சாரி சார். ஹி இஸ் நாட் அவைலபிள் அட் த மொமென்ட். மே ஐ டேக் எ மெசேஜ்?"

டைரக்டர் மடமடவென்று சொன்னார். அது பரீட்சைக்காகச் சொன்ன சேதி இல்லை, நிஜ உத்தரவு. பெரிய லாரி இரண்டு வருகிறது. புதன்கிழமை காலை எட்டு மணி. நூற்று நாற்பது மூட்டை காப்பி தயாராக இருக்க வேண்டும். லாரி பெரிய மலைப்பாதையான சேலம் காட் ரோடு வழியாக வரும்.

"லெட் மி ரிபீட் சார்" என்றாள் ஆராயி. "டூ பிக் லாரி. வெட்னஸ்டே மார்னிங், எய்ட் ஓ கிளாக். ஒன் ஃபார்ட்டி பேக்ஸ், கீப் ரெடி. லாரி கமிங் பை..."

நின்றுவிட்டாள்.

ஒரு நொடி. இரண்டு நொடி. "ஹலோ? ஹலோ?" என்றார் டைரக்டர். நான் பக்கத்தில் போய், "காட் ரோடு, காட் ரோடு" என்று கிசுகிசுத்தேன். கண்ணைத் திறந்து என்னை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் மறக்கவில்லை. நடக்காத சங்கதி வந்ததும் முறைப்படி நிற்கிறாள்! காலையில் அங்கப்பன் கூவியது ரோட்டைப் பற்றித்தான். எங்கள் யாருக்கும் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் மெட்ராஸில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு இந்த மலையின் முறை எப்படித் தெரியும்? அவர் இவளைத் திணறுகிறவள் என்றுதான் நினைப்பார். இதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சொல்ல அவளிடம் பேச்சு இல்லை. ரோட்டைப் பற்றி மேனேஜர் ஒருநாளும் டெலிபோனில் பேசியதில்லை.

ரிசீவரை நான் பிடுங்கியிருப்பேன். மேனேஜர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

ஆராயி பள்ளத்து ஓரத்தில் நிற்கிறவள் மாதிரி நிமிர்ந்து நின்று, கணீரென்று சொன்னாள்:

"சாரி சார். சேலம் ரோடு இஸ் நாட் அவைலபிள் அட் த மொமென்ட்."

"வாட்?"

"ரோடு நாட் அவைலபிள், சார். ட்யூஸ்டே, வெட்னஸ்டே, தர்ஸ்டே, ஃப்ரைடே. ரோடு வொர்க். லாரி நாட் அவைலபிள். குப்பனூர் ரோடு அவைலபிள். பிக் லாரி, நோ சார். ஸ்மால் லாரி ப்ளீஸ்." மூச்சு வாங்கினாள். அடுத்து வந்ததைக் கேட்டு மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "குட் யூ ரிபீட் தட் ப்ளீஸ், சார்?"

கம்பெனி டைரக்டரைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறாள்! பெருக்குகிறவள்! அப்புறம் அந்தப் பெரிய மனுஷன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். சேலம் ரோடு நாட் அவைலபிள். செவ்வாய் முதல் வெள்ளி வரை. குப்பனூர் ரோடு. ஸ்மால் லாரீஸ்.

ஆராயி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்து, "கரெக்ட் சார்" என்றாள்.

டைரக்டர் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார், "மே ஐ நோ ஹூ இஸ் ஸ்பீக்கிங்?"

மூன்று வருஷமாக அவள் நூறு பேரிடம் கேட்ட கேள்வி. அவளிடம் யாரும் கேட்டதில்லை. 'ஆபீஸ்' என்றுதான் சொல்லிப் பழக்கம். மேனேஜரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்னையறியாமல் நான் தலையை ஆட்டினேன், சொல்லு, சொல்லு என்று.

"ஆராயி, சார்."

"தேங்க் யூ, ஆராயி. குட் பை."

ரிசீவரை வைத்ததும் அமுதாதான் முதலில் கை தட்டினாள். ஓடிப்போய் ஆராயியைக் கட்டிக்கொண்டாள். மேனேஜர் சேலத்துக்குப் போன் போட்டு விசாரித்தார். அங்கப்பன் சொன்னது நிஜம்தான், சேலம் ரோட்டில் நாலு நாளைக்குக் கனரக வண்டி எதையும் விடமாட்டார்கள்; குறுகலான குப்பனூர் வழியில் சின்ன லாரிதான் ஏறும். அந்த ஒரு வார்த்தையில் அவள் நிற்காமல் போயிருந்தால் இரண்டு லாரியும் அடிவாரத்தில் வந்து முழித்துக்கொண்டு நின்றிருக்கும்.

பத்து நிமிஷத்தில் டைரக்டர் மறுபடி கூப்பிட்டு மேனேஜரிடம் பேசினார். மேனேஜர் கேட்டுவிட்டு வைத்தார். அமுதாவுக்குச் சேலம் கிடங்கில் டைப்பிஸ்ட் வேலை. இங்கே ஆள் மாற்ற வேண்டியதில்லை. பெருக்குவதற்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாம், டெலிபோனை விட்டு ஆராயி நகரக் கூடாது.

ஆராயி அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கோபக்காரனுக்கு அழுகையும் சீக்கிரம் வரும்.

"அக்கா, மன்னிச்சிருங்க" என்றேன். அவளை நான் அக்கா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். முந்தானைக்குள்ளிருந்து பதில் வந்தது: "மன்னிக்கறதெல்லாம் இருக்கட்டுங்க. மொதல்ல எனக்கொரு மேசை போடுங்க."

போட்டேன். மேனேஜர் அறையிலிருந்த பழைய தேக்கு மேஜையை நானே இழுத்து வந்து ஜன்னல் ஓரம் போட்டு, டெலிபோனையும் நானே தூக்கி வைத்தேன். மறுநாள் காலை நான் அந்தப் பக்கமாகப் போகும்போது மணி அடித்தது. பழக்க தோஷம், என் கை தானாக நீண்டது.

"கையை எடுங்க ரைட்டரே!" என்று என் புறங்கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, மூன்றாவது மணிக்கு நிதானமாக எடுத்தாள்.

"குட் மார்னிங். ஆராயி ஸ்பீக்கிங்."